நெருப்புக்கோழி கொண்டுபோன செருப்பு யாருடையது?

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அப்பா போட்ஸ்வானாவில் வேலை பார்த்தபோது நானும் அவரும் கலஹாரி பாலைவனத்தில் காரில் போனதைப் பற்றிப் போன மாதம் இந்த மின்மடல் குழுவில் எழுதினேன். ரோட்டோரம் ஒற்றை முள்மரம், நிழலில் ஒரு சிமெண்ட் மேசை. அங்கே இறங்கி எலுமிச்சை சாதம் சாப்பிடும்போது ஒரு நெருப்புக்கோழி என் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது.

இன்று நான் இப்போது வசிக்கும் எடிசன் நகரில் ஒரு பிறந்தநாள் விருந்தில் அதே கதையை ஓர் அங்கிள் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நான்தான் டிரைவ் பண்ணேன். ரிலாக்ஸா லெமன் ரைஸ் சாப்பிட்டுட்டு இருக்கேன், ஒரு நெருப்புக்கோழி வந்து என் செருப்பைத் தூக்கிட்டுப் போயிடுச்சு!”

மரம், மேசை, சாதம் எல்லாம் இருந்தன. அப்பாவும் நானும்தான் இல்லை. அப்பாவோடு நான் போன ஒரே பயணம் அது.

எல்லோரும் சிரித்தார்கள். குழுவில் அந்தக் கதையைப் புனைபெயரில் எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

என்னைப் பார்த்து, “என்னம்மா, ஸ்கூலையும் பாதியில விட்டுட்ட, வாயையும் திறக்க மாட்டேங்கற. நாலு இடம் சுத்திப் பாரு, அப்பத்தான் இப்படிப் பேச வரும்” என்றார்.

கையில் கேக் தட்டோடு தலையை ஆட்டினேன்.

அங்கிள், என் மடலுக்கு முதலில் ‘அருமை’ என்று பதில் போட்டவரே நீங்கள்தான். அந்தச் செருப்பு எப்படித் திரும்பக் கிடைத்தது என்று நான் இன்னும் எழுதவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள், எல்லோரும் காத்திருக்கிறோம்.