அளவு சரியாக இருந்த மருந்து

மருத்துவமனைக் கோப்பில் காலை ஆறு இருபது என்று எழுதியிருக்கிறது. என் மகள் தாரணி வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்ட நேரம். நான் சொல்லித்தான் எழுதினார்கள். ஆனால் எல்லாம் கெடத் தொடங்கியது அதற்கு ஒன்பது நாள் முன்பு, பிற்பகல் இரண்டே முக்காலுக்கு. எங்கள் ஆய்வகத்து அச்சுப்பொறியிலிருந்து ஒரு தாள் வெளியே வந்த நேரம் அது.

உங்கள் பிள்ளைக்கும் முதல் வகைச் சர்க்கரை நோய் (கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் நோய்) இருந்தால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு அன்னூரில். கணவர் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் (உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுற்று) கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நான் பெருந்துறைத் தொழிற்பேட்டையில், புரத மருந்துகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர். குப்பியின் மேல் இவ்வளவு மருந்து என்று அச்சிட்டிருந்தால், உள்ளே உண்மையிலேயே அவ்வளவு இருக்கிறதா என்று அளப்பது என் வேலை. பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

தாரணிக்கு நோய் தெரிந்தபோது ஒன்பது வயது. அதன்பின் ஆறு வருடம் பெரிய சிக்கல் இல்லாமல் போயிற்று. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிய மாதத்தில்தான் சர்க்கரை ஏறத் தொடங்கியது. முந்நூறு, முந்நூற்று நாற்பது. ஊசியின் அளவை மருத்துவரைக் கேட்டுக் கூட்டினோம். குறையவில்லை. மருந்துக் குப்பியை மாற்றினேன். அதே பெட்டியிலிருந்த அடுத்த குப்பி. அப்போதும் குறையவில்லை.

டியூஷனுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி இருக்கிறது. என் சந்தேகம் அங்கே போய் நின்றது.

"நான் ஒண்ணுமே திங்கலீங்ம்மா. மருந்துதான் வேலை செய்யல" என்றாள் தாரணி.

மருந்து வேலை செய்யவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் மற்ற அம்மாக்கள் மருந்துக்கடைக்குப் போய்ப் புதிய பெட்டி வாங்கியிருப்பார்கள். நான் குப்பியைக் குளிர்பெட்டியில் வைத்து, கம்பெனி பஸ்ஸில் பெருந்துறைக்குக் கொண்டுபோனேன். வெளி மாதிரிகளை எங்கள் கருவியில் ஏற்றக் கூடாது. தெரிந்தேதான் செய்தேன்.

புரதத்தை அளக்கப் பல வழிகள் உண்டு. புற ஊதா ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்ப்பது எளியது. ஆனால் இன்சுலின் கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருளும் அந்த ஒளியை விழுங்கும், கணக்கு தவறிவிடும். சாயம் கலந்து நிறத்தைப் பார்க்கும் முறை பெரிய புரதங்களுக்குச் சரி, இன்சுலின் போன்ற சிறியதற்கு நம்ப முடியாது. அதனால் ஹெச்.பி.எல்.சி. (கரைசலில் கலந்திருப்பவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று காட்டும் கருவி) முறையைத் தேர்ந்தெடுத்தேன். இருப்பதிலேயே நல்ல முறை என்ற பெருமையோடுதான் தேர்ந்தெடுத்தேன்.

சோதனைக் குழாயில் ஊற்றியபோது மருந்து லேசாகக் கலங்கியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும் அளவுக்கு. எங்கள் செய்முறைப்படி அமிலம் சில சொட்டு விட்டேன். தெளிந்துவிட்டது. தெளிந்ததைத்தான் கருவியில் ஏற்ற வேண்டும், கலங்கலை ஏற்றினால் கருவி அடைத்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான முறை செய்த வேலை. கை தானாகச் செய்தது.

இரண்டே முக்காலுக்குத் தாள் வந்தது. லேபிளில் சொன்ன அளவில் தொண்ணூற்றொன்பது சதவீதம்.

அன்று மாலை அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசைமேல், அவள் கணக்குப் புத்தகத்தின்மேல் வைத்தேன்.

"மருந்துல ஒரு குத்தமும் இல்ல கண்ணு. இப்பவாவது சொல்லு. என்னத்தத் தின்னே?"

அவள் தாளிலிருந்த கோட்டுப் படத்தின்மேல் விரலை வைத்தாள்.

"அப்ப மிசினு சொல்றது நெசம். நான் சொல்றது பொய்யிங்களாம்மா?"

"மிசினுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

நான் சொன்ன பதில் இது. சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் வாதாடவில்லை. சர்க்கரை எண்ணைக் கேட்டால் சொன்னாள், அவ்வளவுதான். எனக்குத் தெரியாமல் மதியச் சாப்பாட்டைத் தோழிக்குக் கொடுத்திருக்கிறாள். சாப்பிடாமல் இருந்தால் எண் இறங்கும், அம்மா நம்புவாள் என்று நினைத்திருக்கிறாள். இதை அவள் பிறகு மருத்துவரிடம்தான் சொன்னாள். என்னிடம் இல்லை.

ஒன்பதாம் நாள் காலை ஆறு இருபதுக்குக் குளியலறையில் சத்தம் கேட்டது. அவள் வாயில் அழுகிய பழத்தின் வாடை. மூச்சு ஆழமாக, வேகமாக, ஓடி வந்தவளைப் போல. என் கணவரும் நானும் அவளைத் தூக்கிக்கொண்டு அன்னூரிலிருந்து கோவை மருத்துவமனைக்கு விரைந்தோம்.

கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரித்து, ரத்தம் அமிலமாகிவிடும் நிலை) என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள். முதல் நாள் முழுக்க உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

அங்கிருந்த மருத்துவர் என்னைவிட இளையவர். என் தாளை நீட்டினேன். அப்போதும் அதைப் பையில் வைத்திருந்தேன். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"உங்க அளவு சரிதானுங்க. இந்த மருந்த ஊட்டுல எங்க வெச்சிருந்தீங்க?"

"பிரிட்ஜுலதானுங்க."

"பிரிட்ஜுல எந்தப் பக்கங்க?"

அப்போதுதான் அந்தக் கொத்தமல்லிக் கட்டு ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின மாதம் கரண்ட் போய் வந்த ஒரு நாள் பிரிட்ஜ் கோளாறாகி, பின்சுவரை ஒட்டியிருந்த கட்டு பனிக்கட்டியாக விறைத்துக் கிடந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பிரிட்ஜின் குளிர் அளவைக் குறைத்து வைத்தேன். கட்டுக்குப் பக்கத்திலேயே, அதே சுவரை ஒட்டி இன்சுலின் பெட்டி இருந்தது. அடுத்த ஊசிக்குக் குப்பியை எடுத்தபோது மருந்து உருகி, பழையபடி நீராக இருந்தது.

"ஒருக்கா உறஞ்சு போச்சுன்னா தூக்கிப் போட்ரோணுங்க. பாக்க நல்லா இருந்தாலும் ஆகாதுங்க. பாதி வேலை செஞ்சதாலதான் பாப்பா இத்தன நாள் தாங்கியிருக்கா" என்றார், நான் சொன்னதைக் கேட்ட மருத்துவர்.

உறைந்து உருகும்போது இன்சுலின் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அளவு குறையாது, வேலை குறையும். அந்தக் கலங்கல் அதுதான். அமிலம் விட்டு, ஒட்டியதைப் பிரித்து, தெளியவைத்து, பிறகு எவ்வளவு இருக்கிறது என்று அளந்திருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு அளவுக்கும் வேலைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நானே சொல்லிக்கொடுப்பேன். அந்தக் காலத்தில் முயலுக்கு ஊசி போட்டு, அதன் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான் இன்சுலினின் வீரியத்தை அறிந்தார்கள் என்றும் சொல்வேன். என் வீட்டில் அந்தச் சோதனைதான் நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது. தாரணி அதன் முடிவைத் தன் வாயாலேயே என்னிடம் சொன்னாள்.

வராந்தாவில் என் கணவரிடம் இதை விளக்கினேன். கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"ஏனம்மணி, காயில் எடை சரியா இருக்குதுன்னு மோட்டார ஆருக்காச்சும் குடுத்தனுப்புவேனா நானு? சுச்சப் போட்டு ஓடுதான்னுல்ல பாப்பேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

புதிய இன்சுலின் ரத்தத்தில் ஏற ஏற, மணிக்கு மணி எண் இறங்கியது. லேபிளில் அதே அளவுதான்.

நான்காம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். நான்கு கிலோ இளைத்திருந்தாள். தேர்வில் இரண்டு தாள் எழுத முடியவில்லை, பிறகு துணைத் தேர்வில் எழுதினாள். வெளி மருந்தைக் கருவியில் ஏற்றியதை வேலையிடத்தில் நானே சொல்லிவிட்டேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

"மன்னிச்சுக்க சாமி" என்று ஒருநாள் சொன்னேன். "பரவால்லீங்ம்மா" என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பதினோராம் வகுப்புக்குக் கோவையில் சேர்ந்து, காந்திபுரத்துக்குப் பக்கத்தில் என் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டாள். அவளாகக் கேட்டதுதான். எண்களை இப்போது பெரியம்மாவிடம் சொல்கிறாள். நான் போனில் கேட்டால், "நல்லா இருக்குதுங்ம்மா" என்பாள். எண் வராது.

இந்த நோய் பிள்ளையின் உடம்பில் இருந்தாலும் தாயின் உடம்பிலும் மணி அடிக்கும். காலை ஏழு, பகல் ஒன்று, இரவு எட்டு. மருந்தே இல்லாத வீட்டில் அந்த நேரங்களில் பிரிட்ஜைத் திறந்து, பின்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். ஆய்வகத்தில் ஒரு சொட்டு அமிலம் விடும் முன் குழாயை வெளிச்சத்தில் பிடித்து நிற்கிறேன். பக்கத்து மேசைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். அந்தச் சில நொடிகளை இனி எந்த நாளிலும் என்னால் சுருக்க முடியாது.

போன சனிக்கிழமை மாலை, சொல்லாமல் தாரணி வந்தாள். பஸ் கூட்டத்தில் கசங்கிய சீருடை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே விரலைக் குத்தி, மீட்டரைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தாள்.

"எரநூத்தி எம்பதுங்ம்மா. வர்ற வழியில ரெண்டு ஜிலேபி தின்னுபோட்டேன். இந்தத் தடவ நெசமாலுமே தின்னேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"ஏன்னு மட்டும் கேக்காதீங்க."