கோபுரத்துக்கு வெளியே நின்றவள்

பஹ்ரைனில், ஈசா டவுனில், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள் நான். அயர்லாந்தின் அந்தப் பெரிய எழுத்தாளரைப் பற்றி வகுப்பில் வாய் கிழியப் பேசுவேன். அவருடைய தடித்த நாவலில் நாற்பதாம் பக்கத்தை நான் தாண்டியதே இல்லை. இது என் கணவருக்குக்கூடத் தெரியாது.

எங்கள் வீட்டில் வேலை செய்தவள் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. கோடை விடுமுறைக்கு அயர்லாந்து போனபோது, கைக்குழந்தையைப் பார்க்க அவளையும் கூட்டிப்போனோம். அவளுடைய பாஸ்போர்ட் அங்கேயும் என் கைப்பையில்தான் இருந்தது. வளைகுடாவில் பழகிய கை, வேறெங்கே வைக்கும்?

கடற்கரையில் ஒரு பழைய வட்டக் கற்கோபுரம். அதற்குள்தான் அந்த எழுத்தாளரின் அருங்காட்சியகம். வாசலில் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“மேடம், நானும் உள்ள வந்து ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கவா? எம் மக கம்பஸ்ல இவரத்தான் படிக்கிறா. அந்தப் பெரிய புத்தகத்த முழுசாப் படிச்சிட்டாளாம். போட்டோ அனுப்புறேன்னு சொல்லியிருக்கேன்.”

முழுசாக! எனக்குச் சுருக்கென்று தைத்தது.

“பிள்ளை எழும்பினா ஆர் பாக்கிறது? நீ இதிலயே நில்.”

“பிள்ளையின்ர தள்ளுவண்டிலை நான் பிடிக்கிறன். அவ பாத்திட்டு வரட்டுமே,” என்றார் கணவர்.

“இண்டைக்கு உள்ள விட்டா, நாளைக்கு எங்களோட மேசையில இருப்பா.”

அவர் எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டார்.

உள்ளே இருந்த வயதான தொண்டர் ஒருவர் வாசலுக்கே வந்துவிட்டார். அனுமதி இலவசம்தான், உங்கள் தோழியும் வரட்டும், குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். “அவளுக்கு இதிலெல்லாம் விருப்பமில்லை,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எட்டு வருஷம் எங்கள் வீட்டு ஆங்கிலத்தைக் கேட்டவளுக்கு அது விளங்காதா? குழந்தையின் போர்வை சரியாகத்தான் கிடந்தது. அதைக் குனிந்து இன்னொரு தரம் சரிசெய்தாள்.

உள்ளே பழைய கிதார், பூவேலை செய்த சட்டை, கடிதங்கள். எதிலும் மனம் நிற்கவில்லை. குறுகிய கற்படிகளில் ஏறி உச்சிக்குப் போய், ஆறேழு விதமாக நின்று படம் எடுத்துக்கொண்டேன். கீழே எட்டிப் பார்த்தேன். குழந்தைக்குக் காற்றடிக்காதபடி முதுகைக் கொடுத்து நின்றபடி, போனை உயரப் பிடித்துத் தன்னையும் கோபுரத்தையும் ஒன்றாகப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போனை வை! பிள்ளையைப் பார்!”

கடலில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள். அவள் சட்டென்று போனைப் பைக்குள் போட்டாள்.

திரும்பும் ரயிலில் எனக்குப் பின் இருக்கையிலிருந்து மகளுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். மெதுவாகத்தான் பேசினாள். ஆனாலும் கேட்டது.

“மூடிக் கெடந்துச்சு மகள். மேடம் எவ்வளவோ கெஞ்சிப் பாத்தாங்க. தொறக்கவே மாட்டேன்னுட்டாங்க.”

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அதைவிட, என்னை நல்லவளாக்கிவிட்டாளே என்று அவள்மேல் ஆத்திரம் வந்தது. என் போனில் முப்பது படங்கள் இருந்தன. ஒன்றை அவளுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

விடுமுறை முடிந்த முதல் வகுப்பில் அந்த முப்பதையும் திரையில் காட்டி, வாய் கிழியப் பேசினேன்.