லைன் எடுத்தாச்சு

“ஒரு சாதனத்தின் மின்சார அமைப்பு மாறினால், அந்தச் செய்தி உடனே பயனர் வெளிக்குப் போய்ச் சேர வேண்டும்.” 2012 அக்டோபரில், நியூரம்பெர்க் அலுவலகத்தில், லினக்ஸ் இயங்குதளத்தில் நான் செய்த சிறு திருத்தத்தின் மேல் எழுதிய வரி இது. கணினிக்குள் ஒரு கருவி தூங்கலாமா, விழித்தே இருக்க வேண்டுமா என்பதை ஒரு நிரல் மாற்றிவிட்டால், பயனர் வெளியில் ஓடும் மற்ற நிரல்களுக்கு அது தெரிவதில்லை. பழைய நிலையை நம்பியே ஓடுகின்றன. இந்த நாட்டில் அரைமணி நேரம் தண்ணீரை நிறுத்துவதற்குக்கூட முந்தைய வாரமே வாசலில் சீட்டு ஒட்டுகிறார்கள். ஆனாலும் என் திருத்தத்தைச் சரிபார்த்த மார்ட்டின், “இது தெரியாமல் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?” என்றான். “இதனால் ஒருவர் அடிபட்டதைப் பார்த்திருக்கிறேன்” என்றேன். “எந்த வெர்ஷனில்?” என்று பேனாவை எடுத்தான்.

அதே ஆண்டு ஜனவரி. தானே புயல் கடலூரின் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. விடுமுறைக்கு வந்த நான் முதுநகரில் தங்கச்சி வீட்டில் மாட்டிக்கொண்டேன். அவள் கணவர், என் மச்சான், மின்வாரியத்துக்கு ஒப்பந்தத்தில் லைன் வேலை பார்ப்பவர். தெருவெங்கும் வாடகை ஜெனரேட்டர்களின் இரைச்சல். எதிர்வீட்டில் ஜெனரேட்டர் ஓட்டிய செல்வத்திடம், இணைப்பைப் பிடுங்கச் சொல்லிவிட்டு மச்சான் கம்பத்தில் ஏறினார்.

“டேய் செல்வம், லைன் எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு மாமா!”

எங்கள் ஊரில் இணைப்பைப் பிடுங்குவதும் லைன் எடுப்பதுதான். புதிதாக ஒரு வீட்டுக்கு இழுத்துக் கொடுப்பதும் லைன் எடுப்பதுதான். இரைச்சலில் முதலில் சொன்னது காதில் விழாத செல்வம், பக்கத்து வீட்டுக்கும் இழுத்திருந்தான். மெயின் சுவிட்சை யாரும் இறக்கவில்லை. ஜெனரேட்டரின் கரண்ட், மீட்டர் வழியாகக் கம்பத்துக்கு ஏறியது. மச்சானின் வலது கை கம்பியோடு ஒட்டிக்கொண்டு புகைந்தது. பிறகு சாக்கு மூட்டை போல விழுந்தார்.

அவரைச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு வண்டியேற்றும் முன்பே அடி தொடங்கிவிட்டது. மச்சானின் சொந்தக்காரர்கள், விழுந்து கிடந்த கம்பத்தின் இரும்புச் சட்டத்தைப் பிடுங்கி அடித்தார்கள். செல்வத்தின் முகத்தில் மூக்கு எது, வாய் எது என்று தெரியவில்லை. “மாமா கேட்டதுக்குத்தானே சொன்னேன்” என்று ரத்தத்தோடு துப்பினான். நான் அவன்மேல் விழுந்து மறித்தேன். “அவன் வேற அர்த்தத்துல சொல்லிட்டான்யா!”

“ஃபாரின்காரரு தமிழு சொல்லித் தராரு, கேட்டுக்கங்கடா!” என்றான் ஒருவன். அடுத்த அடி என் தோளில் இறங்கியது.

வண்டியிலிருந்து தங்கச்சி கத்தினாள். “அண்ணே! எம் புருஷன் வெந்து கெடக்கறாரு. நீ யாரக் கட்டிப் புடிச்சிக்கினு கெடக்கற?”

நான் எழுந்து போகவில்லை. வண்டி போய்விட்டது.

மச்சானுக்கு முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிருந்து போனில் பேசும்போது, “அவளுக்குக் கோவம் தீரட்டும் மச்சான், நா சொல்றேன்” என்கிறார். தங்கச்சி பேசுவதில்லை. அவள் பாத்திரங்களை அடுக்கும் ஓசை மட்டும் ஏழு கடல் தாண்டி வருகிறது. செல்வத்துக்கு ஒரு கண் போய்விட்டதாகவும், அவன் திட்டக்குடிப் பக்கம் குடிபோய்விட்டதாகவும் கேள்வி. எங்கள் வீட்டில் அவன் பெயரைச் சொல்ல முடியாது. அவன் வீட்டாருக்கோ, அவனை அடித்தவர்களின் சொந்தக்காரன் நான். அந்தக் கண் போனது நிஜமா என்று இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.