லீவில் போன கிராணியின் மனைவி

ஞாயிறு காலை, லகாட்டிலிருந்து பால் கொண்டுவரும் ராமையா எங்கள் அச்சுக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தினார். மணியடித்துக்கொண்டே உள்ளே வருகிற மனிதர், அன்று வாசலிலேயே நின்றுவிட்டார். "அண்ணே, ஞானப்பூ அம்மா போயிட்டாங்க. மலையடி ஆஸ்பத்திரியில, நேத்து விடியக்காலம்" என்றார். நான் பிழை பார்த்துக்கொண்டிருந்தது அந்த அம்மாவின் கதையைத்தான். வழக்கம்போல மீதியை அனுப்பாமல் இழுத்தடித்திருந்தார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை அதற்குப் பிறகு வந்தது.

ஈப்போவில் அவரை அறிந்த நீங்கள் இரண்டு வகை: எங்கள் பத்திரிகையில் அவர் கதையைப் படித்தவர்கள், அவரிடம் சட்டை தைத்துக்கொண்டவர்கள். லகாட்டில் ஒரு கடையின் பின்னறையில் தையல் மெஷின் போட்டு, மகள் ரோசம்மாளை ஒற்றை ஆளாக வளர்த்தவர். கதை எங்கே என்று கேட்டால், "பண்டிகைத் துணி குவிஞ்சு கெடக்கு தம்பி. கதை இல்லாட்டி உங்க வாசகருக்கு ஒண்ணும் ஆகாது, சட்டை இல்லாட்டி வெளிய வர முடியாது" என்பார். வெறுங்கையோடு திரும்பி வருவேன்.

அவருடைய கணவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. லீவில் இந்தியாவுக்குப் போன இடத்தில் இறந்துவிட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். இரண்டு வருஷத்துக்கு முன், ரோசம்மாளுக்குப் பாரிட் புந்தாரில் நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் தங்கமானவர். "அடுத்த மாசம் ஊருக்குப் போறேன். சம்பந்தி கல்லறையில ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வாரேன், எந்த ஊருன்னு சொல்லுங்க" என்று அன்போடு கேட்டார். அந்த அன்புதான் ஞானப்பூ அக்காவைப் பிடித்து உலுக்கியது.

அந்த வாரம் எங்கள் வாசகசாலைக் கூட்டத்தில் கதை எழுதுவதைப் பற்றிப் பேச அவரை அழைத்திருந்தேன். "கதை வேணாம் தம்பி, எங்க வீட்டுக்காரரப் பத்திப் பேசுறேன்" என்றார். சம்பந்தியையும் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார். கூட்டிப்போக நான் போனபோது, ரோசம்மாள் கதவை மறித்துக்கொண்டு அழுதாள்.

"கல்யாணம் முடியட்டும்மா. அப்புறம் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க."

"முடிஞ்சப்புறம் சொன்னா அது ஏமாத்துறது, புள்ள."

"அவங்ககிட்ட மட்டுமாவது சொல்லுங்க. ஊருக்கே சொல்லணுமா?"

"அவங்களும் நம்மளாட்டம் மறைச்சுக்கிட்டுத் திரியணுமா? வேணாம். நான் பட்டது போதும்."

மேடையில் அவர் சுற்றி வளைக்கவில்லை. கணவர் ஊருக்கே போகவில்லை, மலையடி ஆஸ்பத்திரியில் சயரோகத்தில் இறந்தார் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கிராணிமாருக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போக லீவு உண்டு. அதனால் பொய் சொல்லச் சிரமமே இருக்கவில்லையாம். ஞாயிறுதோறும் சந்தைக்குப் போகிறவர் மாதிரி கூடையை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போவாராம். நான்கு பக்கமும் திறந்த வராந்தாவில் வரிசையாகக் கட்டில்கள். மழைச்சாரல் அடித்தாலும் உள்ளே போக விடமாட்டார்கள், காற்றுதான் மருந்து. முட்டையும் பாலும் கொடுத்துப் படுக்க வைத்திருப்பார்கள். பார்க்கப் போகிறவர் ஒரு கயிற்றுக்கு அப்பால் நிற்க வேண்டும். "இன்னிக்கு ஊர்ல அறுப்பு. நான் களத்துல நிக்கிறேன்னு தோட்டத்துல சொல்லிரு" என்பாராம் கணவர், கட்டிலில் படுத்துக்கொண்டே. இருவரும் சிரிப்பார்களாம்.

"அவர் செத்தப்புறம்தான் அந்தப் பொய் என்னைத் தின்னுச்சு" என்றார் அக்கா. "கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவங்கவங்க கல்லறைக்குப் போவாங்க. நாங்க சொன்ன பொய்ப்படி எங்க வீட்டுக்காரருக்குத்தான் இந்தச் சீமையில கல்லறையே கிடையாதே! அவரு மலையடியில கெடக்க, நான் ஈப்போவுல யாரோ ஒருத்தர் கல்லறையில மெழுகுவத்தி ஏத்திட்டு வருவேன். அது யாருன்னுகூட எனக்குத் தெரியாது. கதையில பொய் சொன்னா எழுதி முடிச்சதும் விட்டுரலாம். வாழ்க்கையில சொன்னா, அதுக்குத் தெனமும் சோறு போடணும்."

முன்வரிசை காலியாகிக்கொண்டிருந்தது. சம்பந்தி எழுந்து கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். செத்து எத்தனையோ வருஷமான மனிதரின் நோய் இன்னும் காற்றில் வரும் என்று நினைத்தாரோ என்னவோ! கூட்டத்துக்கு வைத்திருந்த தேநீரை யாரும் தொடவில்லை. அக்காவும் நானும் ஆளுக்கொரு கோப்பை எடுத்துக்கொண்டு, காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். "நாளைக்கு அவரப் பார்க்கப் போவேன் தம்பி, பட்டப்பகல்ல" என்றார்.

கல்யாணம் நின்றது. தைக்கக் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வருவதை நிறுத்தினார்கள். அதையெல்லாம் அக்கா தாங்கிக்கொண்டார். ரோசம்மாள் பேச்சை நிறுத்தியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சமைப்பாள், தட்டில் போட்டு வைப்பாள், துணியை வெட்டித் தருவாள், வாயை மட்டும் திறக்கமாட்டாள். "எங்க வீட்டுல மெஷின் ஒண்ணுதான் பேசுது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார் அக்கா. எனக்குச் சிரிப்பு வராது. இந்த வருஷம் அந்த நோய் அவருக்கே வந்தது. தாமே பெட்டியைக் கட்டிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

கணவருக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தோம். வந்தவர்களை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிவிடலாம். திரும்பும் வழியில் ரோசம்மாள், நான் கேட்காமலே பேச ஆரம்பித்தாள்.

"நோய் தொண்டைக்கு வந்துருச்சு மாமா. வாயத் தொறக்கவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. அது தெரியாம, அன்னிக்குத்தான் நான் பேசணும்னு போய் நின்னேன்."

"பேசினாயா?"

"அம்மான்னு கூப்பிட்டேன். பதில் சொல்ல வாயெடுத்தாங்க, நர்சு அதட்டுனாங்க. அப்புறம் நானேதான் பேசினேன், ஒவ்வொரு ஞாயிறும். யாரு துணி கொண்டாந்தாங்க, யாருக்குச் சட்டை இறுக்கமாப் போச்சு, பசார்ல கத்தரிக்கா என்ன வெலை, எல்லாம் சொன்னேன். மன்னிச்சிருங்கன்னு சொல்ல மட்டும் வாய் வரல."

"அக்கா என்ன செய்தார்?"

"கத்தரிக்கா வெலையக் கேட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் சிரிச்சாங்க, மாமா. சத்தமே வரல."

அவருடைய கதைகள் பழைய இதழ்களில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, நான் பார்க்காத அந்தச் சிரிப்பு.