குரல் பிசிறும் இடம்

மதுரை பழங்காநத்தத்தில் எங்கள் காம்பவுண்டுக்குள் ஐந்து வீடுகள். நடுவில் இருக்கும் சுவர்களெல்லாம் பெயருக்குத்தான். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்தால் ஐந்து வீட்டுக்கும் கேட்கும்.

பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை எனக்கு. நாற்பது வயதுக்கு மேல் பாட்டு ஆசை பிடித்துக்கொண்டது. பின்னணி இசையைப் போனே கொடுத்துவிடும், வரிகளும் திரையில் ஓடும், நாம் கூடவே பாடினால் போதும். அந்தப் 'போதும்'தான் எனக்கு வராது. ஒரே பாட்டோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன். முதல் சரணத்தின் முடிவில் குரல் சரசரவென்று மேலே ஏற வேண்டும். அங்கே போனதும் எனக்கு லேசாகப் பிசிறிவிடும். உடனே அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது தடவை அழித்திருக்கிறேன்.

"ஏக்கா, இன்னைக்கும் அந்த எடம் ஏறலையா?" என்று பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போட்டபடியே கேட்பாள்.

"ஒன் சோலியப் பாருடி" என்று எரிந்து விழுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

உசிலம்பட்டியில் இருக்கும் என் அக்காவுக்கு நான் பாடுவதில் அப்படி ஒரு பெருமை. நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். "பாடி அனுப்புடி, கேக்குறேன்" என்று போனில் நச்சரிப்பாள். "நல்லா வரட்டும்க்கா" என்று தட்டிக்கழிப்பேன். உள்ளுக்குள் பயம்தான். எங்கள் வீட்டில் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள் அவள். 'சுமாரா இருக்குடி' என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டால் அன்றோடு பாட்டை மூட்டை கட்டிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

இந்த வருடம் அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. முதலில் டிவியைச் சத்தமாக வைத்தாள். பிறகு போனில் நான் ஒன்று கேட்டால் அவள் வேறொன்று சொன்னாள். மதுரைக்குக் கூட்டிவந்து டாக்டரிடம் காட்டினோம். இடது காது போய்விட்டது, வலது காதும் குறைந்துகொண்டே வருகிறது என்றார். மெஷின் வைக்கலாம், ஆனால் வலது காதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கேட்கும் என்றார்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் காது கேக்குறப்பவே பாடிக் காட்டிருடி" என்றாள்.

என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு வருடம் அழித்து அழித்து என்னத்தைக் கிழித்தேன்? அப்படியும் புத்தி வந்ததா? அந்த வாரமும் பதிவு செய்தேன், பிசிறியது, அழித்தேன். சீ என்று போய்விட்டது. மறுநாள் காலையில் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேராக உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அக்கா தொழுவத்திலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். டிவியை அணைத்தேன், ஃபேனையும் அணைத்தேன். அவளுடைய வலது பக்கம் ஒட்டி உட்கார்ந்து, இசை எதுவும் இல்லாமல் காதோடு பாட ஆரம்பித்தேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கேட்கிறதா இல்லையா என்று முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த இடம் வந்தது. ஏறினேன், பிசிறிவிட்டது. நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கத் துடித்தேன். நிறுத்தினால் இன்றைக்கும் பாதியிலேயே திரும்பிவிடுவேன் என்று தெரிந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு மேலே பாடினேன்.

அப்போதுதான் உறைத்தது, இரண்டாவது சரணத்தை நான் ஒருமுறைகூடப் பாடியதில்லை. எங்கிருந்து பழகியிருக்கும்! வார்த்தைகள் இரண்டு இடத்தில் முன்பின்னாக வந்தன. ஆனால் அந்தச் சரணம் என் குரலுக்கு அத்தனை வாகாக இருந்தது. அடடா, இதைப் போய் இத்தனை நாள் பாடாமல் விட்டோமே என்று வயிற்றெரிச்சலாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. கடைசி வரி வரைக்கும் பாடி முடித்தேன்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

"நல்லாத்தாண்டி பாடுற" என்றாள். "ஆனா நடுவுல மேல ஏறுறப்ப தொண்ட லேசாப் பிசிறுது. அத மட்டும் பாத்துக்க."

அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன்.

"அடியே, ஒரு கொற சொன்னதுக்கா இம்புட்டு அழுக?" என்று பதறிப்போனாள்.

"அது ஒனக்குக் கேட்டுச்சாக்கா? அம்புட்டுச் சின்னப் பிசிறு, அது கேட்டுச்சா?" என்று அவள் வலது காதில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.