பன்னிரண்டாம் படத்தில் விரித்த கைகள்

இன்று பாலக்கோடு பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் போனில் ஒரு நடன வீடியோவை நீட்டினாள். "பாருங்கக்கா, ஓவியத்தப் பாத்து ஆடறாங்க. எப்புடி அசையாம நிக்கறாங்க!"

நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எண்பதுகளில், நான் ஒன்பதாவது படிக்கையில், எங்கள் பள்ளிக் கன்னியாஸ்திரியான சிஸ்டர், மாதா கோயில் சுவரிலிருந்த சிலுவைப்பாதைப் படங்களை, இயேசுவின் பாடுகளைக் காட்டும் பதினான்கு படங்களை, நடனமாக்கினார். பாட்டு கிடையாது. படத்தில் இருப்பதுபோலவே உறைந்து நிற்க வேண்டும். மேளம் அடித்ததும் அடுத்த படத்துக்கு நகர வேண்டும்.

இயேசு நான்தான்.

பன்னிரண்டாம் படம், இயேசு உயிர்விடுவது. உயரமான ஸ்டூலில் ஏறிக் கைகளை விரித்துத் தலையைச் சாய்த்தேன். சிலுவைப்பாதையில் அந்த இடம் வந்தால் முழங்காலிட்டு மௌனமாக ஜெபிப்பது எங்கள் வழக்கம். மொத்தக் கூட்டமும் முழங்காலிட்டது.

மேளக்காரரும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு முழங்காலிட்டார்.

ஸ்டூல் ஆடியது. முன்வரிசையில் அம்மா அழுதுகொண்டிருந்தார். யாரும் எழவில்லை.

"சிஸ்டர், உழுந்துருவேங்க" என்று உதடு அசையாமல் முனகினேன்.

திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "பேசாதடி. நீ செத்துட்ட."

எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

அன்று முழங்காலிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சொல்லுங்கள். எழுந்துவிட்டீர்களா? நான் கையை இறக்கலாமா?