ஓமோ இல்லையோ என்று கேட்கும் பெட்டி

இன்ரநெற் கடைக்காரனின் பாதி வேலை, திரையில் குதிக்கும் பெட்டி இங்கிலீசில் கேட்கிற கேள்விக்கு ஊர்ச்சனத்தின் சார்பில் பதில் சொல்வதுதான். சமாதான காலத்தில் லண்டனை விட்டு வந்து வேலணையில் கடை போட்டேன். இதே தொழிலில் நொந்தவர்களுக்கு மிச்சத்தை விளக்கத் தேவையில்லை.

முகமன் இல்லாத கேள்வி

நாரந்தனை யோசேப்பு அண்ணை, கடற்தொழில்காரர், மகள் மெற்றில்டாவோடு வந்தார். தரகர் கொண்டுவந்த கனடா மாப்பிள்ளை கமராவில் பெண் பார்க்க வேண்டுமாம். தானும் முகம் பார்த்துப் பேசித்தான் முடிவு சொல்வேன் என்று மெற்றில்டா ஒரே பிடி. பக்கம் திறந்ததுதான் தாமதம், கமராவைப் பாவிக்க அனுமதியா என்று பெட்டி வந்து நின்றது. எதற்கு, யார் பார்க்க என்று ஒரு சொல் இல்லை. வாசித்துச் சொன்னேன். அண்ணை எட்டி ‘இல்லை’யை அமத்தினார். பெட்டி ரோசக்காரன், பிறகு கேட்கவேயில்லை, கமராவையும் திறக்கவில்லை. சந்திப்பு அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போனது.

“மாப்பிள்ளையே இன்னும் வரேல்லை. அதுக்குள்ள என்ரை பிள்ளையைப் பாக்க இவர் ஆர் தம்பி?” என்றார் அண்ணை, பெட்டியைக் காட்டி.

எல்லாத்துக்கும் ஓம்

அடுத்த ஞாயிறு அண்ணை திருந்தி வந்தார். பழைய ‘இல்லை’யை நான் அழித்து வைத்திருந்ததால் பெட்டி மறுபடி கமராவைக் கேட்டது, ஓம். ஏதோ விளையாட்டைக் கணினியில் பதியவா என்றது, ஓம். முகப்பை மாற்றவா என்றது, ஓம். ஒவ்வொரு தரமும் சட்டைப்பையில் இருந்து அடையாள அட்டையை எடுத்துக் கமராவுக்கு முன்னால் பிடித்தார். திரை முழுக்கச் சூதாட்ட விளம்பரம். துடைத்தெடுக்கவே எனக்கு மூச்சு வாங்கியது. வாசித்துப் பார்த்து அமத்தக்கூடாதா என்று கேட்டேன்.

“ஆமிச் சென்றியிலை நிக்கிறவனிட்டை ஏன் எதுக்கெண்டு கேக்கிறதே? ஓம் எண்டால்தான் விடுவாங்கள்.”

கறுப்புச் சதுரம்

ஒருவழியாகக் கனடாவில் இருந்து குரல் வந்தது; முகம் வரவில்லை. மாப்பிள்ளையின் இடத்தில் வெறும் கறுப்புச் சதுரம். அவருக்கோ மெற்றில்டா நன்றாகத் தெரிந்தாள். எழும்பி நில்லும், திரும்பும், தலைமயிரைக் காட்டும் என்றார்.

“அங்கையும் கமராவுக்கு அனுமதி கேட்டிருக்குமே?” என்றாள் மெற்றில்டா.

“கேட்டது. இல்லை எண்டு குடுத்தனான். முதல்லை உம்மைப் பாப்பம்.”

மெற்றில்டா கமராவின் வயரைக் கழற்றி என் கையில் தந்தாள்.

“அவர் வாசிச்சு விளங்கித்தான் இல்லை எண்டிருக்கிறார், அப்பா. நானும் இல்லை எண்டுறன்.”

இணைய உலாவி செய்கிற புண்ணியவான்களே, தேவை வரும்போது மட்டும் கேளுங்கள், எதற்கென்று சொல்லுங்கள், இல்லை என்றால் மரியாதையாகப் போங்கள் என்பதே என் விண்ணப்பம்; இதையே தரகருக்கும் சொன்னேன், அவர் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த கனடா மாப்பிள்ளையின் படத்தை எடுத்து நீட்டினார்.